நெல்லையில் இரண்டு இரவு: டவுனா, சந்திப்பா, வண்ணாரப்பேட்டையா, பாளையா?

சொந்த ஊரிலேயே லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கும் நிலை எனக்கு இந்த ஆடி மாதம் வாய்த்தது. சென்னையில் இருக்கும் என் மச்சினன் போன் செய்தான். அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். வெள்ளிக்கிழமை காலை இறங்கி ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். “அத்தான், உங்கள் வீட்டில் ஆறு பேருக்கு இடம் போதாது. ஊருக்கு நடுவில் நல்ல லாட்ஜாக ஒன்று பார்த்துவிடுங்கள்” என்றான். பெருமாள்புரத்தில் எங்கள் மாடிவீட்டில் இரண்டே அறைகள். அவன் சொன்னது நியாயம்தான். என் மனைவிதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூடப்பிறந்த தம்பியை லாட்ஜில் தங்க வைத்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அவள் கவலை. என் கவலை வேறு. ‘ஊருக்கு நடுவில்’ என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டானே, அந்த நடு எங்கே இருக்கிறது?

மதுரைக்காரரிடம் கேட்டால் மீனாட்சி கோயிலைக் காட்டிவிடுவார். நெல்லையில் அப்படிக் காட்ட முடியாது. தாமிரபரணிக்கு மேற்கே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி டவுன். அதற்குக் கிழக்கே இரண்டரை, மூன்று கிலோமீட்டர் தள்ளி, ரயில் வந்ததால் பெருத்த சந்திப்பு. பழைய பெயர் வீரராகவபுரம். ஆற்றைத் தாண்டினால் கொக்கிரகுளமும் வண்ணாரப்பேட்டையும். இன்னும் கிழக்கே போனால் பாளையங்கோட்டை. பாளை தனக்கென்று கோட்டை, பட்டாளம், பள்ளிக்கூடம் எல்லாம் வைத்துக்கொண்டு வளர்ந்த தனி ஊர். 1843இல் சுலோசன முதலியார் தம் கைப்பணத்தைப் போட்டு ஆற்றுப்பாலம் கட்டும்வரை இரண்டு கரைக்கும் படகுதான். 1994இல் மாநகராட்சி ஆக்கியபோது திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். கட்டிய பிறகும் டவுன்காரர் பாளைக்குப் போவதை “பாளைக்குப் போய்விட்டு வருகிறேன்” என்று வெளியூர்ப் பயணம் போலத்தான் சொல்கிறார்.

ஆகவே ‘நடு’ என்பதை விட்டுவிட்டு வேறு கேள்வியைப் பிடித்தேன். இரண்டு நாளுக்கு வருகிறவர் பகலில் அறையில் இருக்கப்போவதில்லை. காரோ பஸ்ஸோ ஏறி எங்கேயாவது போய்விடுவார். அறை இருக்கும் தெருவோடு அவருக்கு உறவு இரண்டே வேளைதான். விடியற்காலை, அப்புறம் ராத்திரி. அந்த இரண்டு வேளையும் காலால் நடந்து எங்கே போக விரும்புகிறீர்கள்? அதைச் சொன்னால் அறை எங்கே என்று நான் சொல்லிவிடுவேன். மச்சினன் இதற்குப் பதில் சொல்ல நான்கு நாள் எடுத்துக்கொண்டான். அதற்குள் நான் நான்கு பகுதிகளையும் ஸ்கூட்டரில் சுற்றி வந்துவிட்டேன்.

வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு சந்திப்பில்தான் அறை போடுகிறார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். பழைய லாட்ஜ்கள் அங்கேதான் அதிகம். வாடகையும் கைக்கு அடங்கும். பல லாட்ஜ்களில் இன்னும் 24 மணி நேரக் கணக்கு இருக்கிறது, அதாவது காலை ஏழரைக்கு நுழைந்தால் மறுநாள் ஏழரை வரை அறை உங்களுடையது. இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, நண்பகல் 12 மணிக்குத்தான் அறை தருவோம் என்று சொல்லும் ஹோட்டலின் முகப்பில் தூக்கக் கலக்கத்தோடு நாலு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் வருகிறவருக்குச் சந்திப்பை விட்டால் வேறு இடமே யோசிக்க வேண்டாம். சென்னையிலிருந்து வரும்போது அது ராத்திரி பத்தரை மணிக்கு மேல் கொண்டுவந்து விடுகிறது. திரும்பும்போது காலை 6 மணி வாக்கில் கிளம்புகிறது. அந்த நேரத்தில் ஆட்டோ பேரம் பேச யாருக்குத் தெம்பு இருக்கும்? ராத்திரி பசித்தால் பரோட்டாக் கடை, விடியும் முன்பே டீக்கடை என்று சந்திப்பு அனேகமாகத் தூங்குவதே இல்லை.

அதுதான் அதன் குறையும். தண்டவாளத்தைப் பார்த்த அறை என்றால் ராத்திரி முழுக்க ரயில் அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கலாம். என் நண்பர் ஒருவர் அப்படி ஓர் அறையில் மாட்டிக்கொண்டு, விடியும்போது செங்கோட்டை ரயிலும் திருச்செந்தூர் ரயிலும் எத்தனை மணிக்கு எந்த நடைமேடை என்று மனப்பாடமாகச் சொன்னார். தவிர, சந்திப்பில் தங்கினால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? 1973இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தில் ஒருமுறை நடக்கலாம். மேலே ஒரு போக்குவரத்து, கீழே ஒரு போக்குவரத்து என்று பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும். நடக்கும் தூரத்தில் சிந்துபூந்துறை படித்துறை. ஆனால் அங்கே குளிக்கலாம் என்று துண்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நகருக்குள் வரும்போது ஆற்றில் சாக்கடை கலந்துவிடுகிறது. தாமிரபரணியில் முங்கி எழ ஆசை இருந்தால் சேரன்மகாதேவிக்கோ பாபநாசத்துக்கோ மேலே ஏறிப் போக வேண்டும்.

சந்திப்புக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு கரையை மீறி, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், பஸ் நிலையம் என்று அந்தப் பகுதி முழுவதும் தண்ணீரில் நின்றது. எல்லா ஆண்டும் அப்படி ஆகாது. ஆனாலும் அந்த மாதங்களில் ஆற்றங்கரைப் பக்கம் தரைத்தள அறையை நான் யாருக்கும் எடுக்க மாட்டேன்.

வண்ணாரப்பேட்டை எனக்குப் பிடிக்காத இடம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பேச்சில் கொஞ்சம் காரம் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, பெரிய ஹோட்டல், மேம்பாலம். இந்த நாலையும் எடுத்துவிட்டால் அங்கே நடக்க ஒரு தெரு கிடையாது. ஆனால் வசதி என்று பார்த்தால் இன்று நெல்லையில் முதல் இடம் அதற்குத்தான். லிஃப்ட், ஏசி, வண்டி நிறுத்த இடம், நல்ல குளியலறை எல்லாம் ஒருசேரக் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். புறவழிச்சாலை வாசலிலேயே தொடங்குகிறது. காரில் வருகிறவர் ஊருக்குள் நுழையாமலே அறைக்குள் நுழைந்துவிடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சந்திப்பு, இந்தப் பக்கம் பாளை என்று இரண்டுக்கும் பக்கம். பிள்ளைகள் சலித்துக்கொண்டால் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் போகும். ஒரு நாள் கிழக்கே திருச்செந்தூர், மறுநாள் மேற்கே குற்றாலம் என்று காரை வைத்துக்கொண்டு சுற்றும் குடும்பத்துக்கு வண்ணாரப்பேட்டைதான் சரி. மச்சினன் முதலில் தந்த திட்டம் அதுதான் என்பதால் நானும் மனசில்லாமல் அங்கேதான் இரண்டு அறை சொல்லி வைத்திருந்தேன்.

பாளையை நான் விட்டுக்கொடுக்க முடியாது, பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். அகலமான தெருக்கள், மரங்கள், மாலையில் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்கிற கூட்டம். தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர் என்று வரிசையாகக் கல்லூரிகள். இதனால்தான் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்று யாரோ பெயர் வைத்துவிட்டுப் போக, நாங்களும் கூச்சப்படாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1826இல் எழும்பிய, ஊசிக் கோபுரம் என்று நாங்கள் சொல்லும் தேவாலயத்தின் நிழலில் ஒரு நடை நடந்துவிட்டு, கோபாலசுவாமி கோயிலுக்குள் போய் வரலாம். பழைய கோட்டையில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். மேடைப் போலீஸ் ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்லும் கட்டடம் அந்தக் கோட்டையின் மேற்கு வாசல். 1801இல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பியது இந்தப் பாளையிலிருந்துதான்.

ஆனால் முதன்முறையாக ஊரைப் பார்க்க வருகிறவருக்குப் பாளையில் அறை எடுக்கச் சொல்ல மாட்டேன். இரவு ஒன்பதுக்கு மேல் தெரு அமைதியாகிவிடும்; அது குடியிருக்கிறவனுக்குச் சுகம், விருந்தாளிக்குச் சலிப்பு. பாளையில் தங்க வேண்டியவர்கள் வேறு. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் யாரையாவது சேர்த்திருப்பவர்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள், தேர்வு எழுத வருகிறவர்கள். இவர்கள் டவுனில் அறை எடுத்துவிட்டு காலை எட்டரை மணிக்கு ஈரடுக்குப் பாலத்தையும் ஆற்றுப்பாலத்தையும் தாண்டி வந்து சேர்வதற்குள் தேர்வு தொடங்கியிருக்கும். தசரா ஒன்றுதான் விதிவிலக்கு. நவராத்திரி முடிவில் பாளை அம்மன் கோயில்களின் பன்னிரண்டு சப்பரங்கள் ராத்திரியில் அணிவகுத்து வரும்போது பாளையில் ஓர் அறை கிடைத்தால் விடாதீர்கள். விடிய விடிய ஊர் விழித்திருக்கும் ஒரே சமயம் அது.

வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்தைச் சுற்றியும் லாட்ஜ்கள் வந்துவிட்டன. நடு ராத்திரி வெளியூர் பஸ்ஸில் இறங்கி விடிந்ததும் வேறு பஸ் ஏறுகிறவருக்கு ஆகும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி டவுன். பிறந்த தெருவைப் பற்றிப் பேசும்போது தராசு கொஞ்சம் சாயும், சாயட்டும்.

டவுனில் வீட்டு எண் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. முக்குச் சொல்லித்தான் கேட்பார்கள். வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு, லாலா சத்திர முக்கு. நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்பாளுக்கும் தனித்தனிக் கோயில், நடுவே இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபம், வெளியே நாலு ரத வீதிகள். இந்தச் சதுரத்துக்குள் இருந்தால் எதற்கும் வண்டி வேண்டாம். விடியலில் கோயில் மணி கேட்டதும் எழுந்து, முகம் கழுவி, நடந்தே போய், தட்டினால் சுரம் பேசும் தூண்களையும் தாமிர சபையையும் கூட்டம் சேருவதற்குள் பார்த்துவிடலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நண்பகலுக்கு மேல் நடை சாத்தினால் திரும்பத் திறக்க மாலை 4 மணி ஆகிவிடும். வண்ணாரப்பேட்டையில் தங்கிக் காலைச் சாப்பாட்டை முடித்து, எல்லோரும் கிளம்பி, டவுனுக்குள் நுழையும் ஆர்ச் பக்க நெரிசலில் நின்று வந்து சேரும் குடும்பங்கள் பதினொன்றரைக்குக் கோயிலுக்குள் நுழைந்து, பார்த்தது பாதி பார்க்காதது பாதியாக வெளியே வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவ்வளவு பெரிய கோயிலை அரை மணியில் ஓடிப் பார்ப்பதற்கு வராமலே இருக்கலாம். (யானையைக் காட்டுகிறேன் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். காந்திமதி யானை 2025 ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டது.)

ராத்திரிக்கும் டவுன்தான். கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். அறை பக்கத்தில் இருந்தால் ஒருவர் போய் வரிசையில் நிற்க, மற்றவர்கள் கால் நீட்டிப் படுத்திருக்கலாம். வாழையிலையில் வைத்துச் சூடாகத் தரும் அல்வாவைத் தெருவிலேயே நின்று தின்றுவிட்டு, கொஞ்சம் மிக்சரையும் வாயில் போட்டுக்கொண்டு, ரத வீதியை ஒரு சுற்றுச் சுற்றி அறைக்குத் திரும்பும் சுகத்துக்கு ஆட்டோவில் வந்து ஆட்டோவில் போகிறவர் கணக்குக் காட்ட முடியாது. வளையல் கடை, பாத்திரக்கடை, பூக்கடை, பழைய புத்தகக்கடை எல்லாம் பத்து மணி வாக்கில் ஒவ்வொன்றாகக் கதவை இழுக்கும்போது தெரு அகலமாகிக்கொண்டே போகும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். டவுன் லாட்ஜ்களில் பலவும் பழையவை. மாடிப்படி செங்குத்து, சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கார் நிறுத்த இடம் என்று அவர்கள் சொல்வது பல சமயம் தெருவோரம்தான். முகூர்த்த நாள் என்றால் ஊரில் உள்ள கல்யாண வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே அறைகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ராத்திரி மண்டபத்துப் பாட்டு பன்னிரண்டு மணி வரை சுவரில் வந்து மோதும். ஆனித் தேரோட்டத்தின் போது ஐந்து தேர்களும் ரத வீதியில் இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் ஆட்டோகூட வராது. தேரைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்து ரத வீதியைப் பார்த்த மாடி அறையை வாங்கிவிட வேண்டும். தேருக்கு வராதவர் அந்த வாரம் டவுனில் தங்குவது வீண் வம்பு.

திசைக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் தூரத்தை மட்டும் எண்ணுகிறார்கள். ஊரைக் குறுக்கே கடக்கும் நேரத்தை எண்ணுவதில்லை. குற்றாலம், தென்காசி போகிற சாலை டவுனைத் தாண்டிப் பேட்டை வழியாகப் போகிறது. சேரன்மகாதேவி, பாபநாசம் பக்கம் போகிறவருக்கும் அந்த முனைதான் தோது. கிருஷ்ணாபுரம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, திருச்செந்தூர் எல்லாம் பாளையிலிருந்து கிழக்கே புறப்படும் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. நாகர்கோவில், கன்னியாகுமரிக்குப் பாளை, புதிய பஸ் நிலையப் பக்கம் இருப்பவருக்குத்தான் சீக்கிரம். பாளையில் தங்கிக் குற்றாலம் போகிறவர் காலை நேரத்தில் ஊரைத் தாண்டவே அரை மணிக்கு மேல் செலவழிப்பார். மேலப்பாளையம் பக்கம் போய்விடலாம் என்று குறுக்கு வழி பார்த்தால் குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருக்கும். அது திறந்திருக்கும்போது தாண்டியவர்களை எங்கள் தெருவில் அதிர்ஷ்டசாலி என்போம்.

ஊருக்குள் போக வர டவுன், சந்திப்பு, வண்ணாரப்பேட்டை, பாளை, புதிய பஸ் நிலையம் என்று கோர்த்துக்கொண்டு டவுன் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆட்டோவில் மீட்டரை எதிர்பார்க்காதீர்கள், ஏறுவதற்கு முன்பே “எவ்வளவு அண்ணாச்சி?” என்று கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். அண்ணாச்சி என்ற சொல்லுக்கு இங்கே பத்து இருபது ரூபாய் குறையும்.

நான்காம் நாள் மச்சினனின் பதில் வந்தது. பதில் அவனுடையது அல்ல, அவன் மாமியாருடையது. அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. ஆனாலும் இரண்டு நாளும் விடிந்ததும் யாரையும் எழுப்பாமல், தானே நடந்து காந்திமதி அம்பாளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான். காரில் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று பிள்ளைகள் சொன்னதற்கு, கார் வேண்டாம், யார் தூக்கத்தையும் கெடுக்காமல் போய் வர வேண்டும் என்றாராம்.

வண்ணாரப்பேட்டை அறைகளை அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திட்டமும் மாறியது. இரண்டு நாளில் கிழக்கும் மேற்கும் போனால் ஆறு பேரும் காரிலேயே குடியிருப்பார்கள். ஆடிச் சாரல் இருக்கும்போது குற்றாலத்தை விட முடியாது, திருச்செந்தூரை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. மேற்கு என்றால் டவுன் இன்னும் தோது.

டவுனில் லிஃப்ட் உள்ள லாட்ஜ் தேடுவதுதான் பாடு. போனில் கேட்டால் எல்லோரும் “இருக்கிறது சார்” என்றார்கள். நேரில் போனால் ஓரிடத்தில் லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. இன்னோர் இடத்தில் ஓடியது. ஆனால் அதற்கு முன் ஆறு படி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஆறு படிதானே பிரச்சினை! ஆகவே வயதானவர்களோடு வருகிறவர்கள் போனில் ‘லிஃப்ட் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காமல், தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, உட்காரும் கழிப்பறையா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், 24 மணிக் கணக்கா நண்பகல் கணக்கா, அன்று பக்கத்து மண்டபத்தில் கல்யாணம் உண்டா என்று ஐந்தையும் கேட்டுவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் வராது. காலண்டரைப் பார்த்து முகூர்த்த நாளை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் நாங்கள் தப்பித்தோம். கடைசியில் ரத வீதியிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி, அறை சின்னது, தண்ணீர் தாராளம், வாசலில் ஒரே படி என்று ஓர் இடம் அகப்பட்டது. வண்ணாரப்பேட்டை வாடகையில் முக்கால் பங்குகூட இல்லை. கார் நிறுத்த இடமில்லை. குற்றாலத்துக்குப் பேசியிருந்த வேன்காரர் ரத வீதி முக்கிலேயே வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அறைக்குள் போனார்கள். அன்று பிற்பகல் முழுக்கத் தூங்கி எழுந்து, சாயங்காலம் கோயில், அல்வா வரிசை, ரத வீதிச் சுற்று. சனிக்கிழமை குற்றாலம். பிள்ளைகள் ஈரத் தலையோடு திரும்பி வரும்போது ராத்திரி ஒன்பது. மச்சினனுக்கு அறை பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது, டிவி சின்னது என்று இரண்டு முறை சொன்னான். அவன் மாமனார் ராத்திரி பத்து மணிக்கு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்து, முன்பின் தெரியாத இரண்டு பேரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தாராம். சென்னையில் பதினைந்தாவது மாடியில் குடியிருக்கிறவர்.

ஞாயிறு காலை அந்த அம்மாள் இரண்டாம் முறையாகத் தனியே போய்விட்டு, கையில் பிச்சிப்பூவோடு சந்துக்குள் நடந்து வரும்போது மணி ஏழுகூட ஆகவில்லை; மற்ற ஐந்து பேரும் அப்போதுதான் புரண்டு படுத்தார்கள். எட்டரைக்கு 24 மணிக் கணக்கு முடிந்தது. ரயிலோ ராத்திரிக்குத்தான். பெட்டிகளை லாட்ஜிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று மேலாளர் சொன்னார். நான் தலையாட்டப் போகும் நேரத்தில் என் மனைவியிடமிருந்து போன் வந்தது. தேங்காய்ப்பால் பிழிந்தாகிவிட்டது, சொதி கொதித்துக்கொண்டிருக்கிறது, இஞ்சித் துவையல் அரைத்தாகிவிட்டது, பெட்டியும் ஆளும் நேரே பெருமாள்புரம் வந்தாக வேண்டும் என்றாள். ஆறு பேரும் இரண்டு ஆட்டோவில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டினோம். சாப்பிட்டு, இரண்டு அறையிலும் கூடத்திலும் பாய் விரித்து எல்லோரும் உறங்கி எழுந்தபோது, கிருஷ்ணாபுரம் சிற்பங்களைப் பார்க்கப் போகலாம் என்று பேசி வைத்திருந்த வேளை தாண்டிப்போயிருந்தது.